வானியல் மன்றம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாதத்துக்கு ஒரு தலைப்பு என்று தாவாமல், இந்த ஆண்டு முழுக்க ஒரே கேள்வியைப் பிடித்துக்கொள்வது என்று சென்ற பொதுக்குழுவில் முடிவு செய்தோம். சூரியனுக்கே சுமார் 460 கோடி வயது. ஒரு விண்மீன் பிறந்து முதிர்வதைக் கூடவே இருந்து பார்க்க யாராலும் முடியாது. அப்புறம் எப்படி அதன் வரலாற்றை வானியலாளர்கள் எழுதுகிறார்கள்? வெவ்வேறு வயதில் இருக்கும் விண்மீன்களைத் தேடிப் பிடித்து வரிசைப்படுத்துகிறார்கள். ஒரே நாளில் ஊர்வலம் முழுவதையும் பார்த்து, குழந்தை எது, கிழவர் எது என்று பிரிப்பது போலத்தான்.

உறுப்பினர்கள் அதிகம் ஈடுபட்டது விண்மீன் கொத்துப் பயிற்சியில். ஒரு கொத்தில் உள்ளவை ஒரே வாயு முகிலிலிருந்து ஏறக்குறைய ஒரே சமயத்தில் பிறந்தவை. நம்மிடமிருந்து தூரமும் கிட்டத்தட்ட ஒன்றே. எனவே அவற்றுக்குள் தெரியும் வேறுபாடு பெரும்பாலும் நிறையால் வருவது. நிறை கூடிய விண்மீன் எரிபொருளைச் சீக்கிரம் தீர்த்துவிடும். விண்மீன்களின் இடத்தையும் பொலிவையும் அளந்த கையா விண்கலத்தின் அளவீடுகள் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றை இறக்கி, நிறத்தைக் கிடையிலும் பொலிவை நெடுக்கிலும் வைத்து, கார்த்திகைக் கூட்டத்தையும் எம்67 கொத்தையும் வரைந்தோம். கார்த்திகையில் நீல விண்மீன்கள் இன்னும் பளிச்சென்று இருக்கின்றன. அதன் வயது 10 கோடி ஆண்டுகளை ஒட்டியது. எம்67 படத்தில் அந்த இடம் கிட்டத்தட்ட காலி. விண்மீன் புள்ளிகள் அமையும் முதன்மைக் கோடு பாதியிலேயே வளைந்து, முதிர்ந்து ஊதிய செம்பெரு விண்மீன்கள் பக்கம் போய்விடுகிறது. எந்த இடத்தில் வளைகிறதோ அதை வைத்துத்தான் வயது கணிக்கிறார்கள். எம்67க்கு அது 400 கோடியை ஒட்டி வருகிறது.

முதன்மைக் கோட்டுக்குச் சற்று மேலே மெலிதாக இன்னொரு கோடும் விழுந்தது. பிழை என்று சிலர் அழிக்கவே போனார்கள். நல்லவேளை, அழிக்கவில்லை. அவை இரட்டை விண்மீன்கள். சமமான இரண்டு ஒன்றாகத் தெரிந்தால் ஒளி இருமடங்கு, அதாவது வானியலாளர்கள் பொலிவை அளக்கும் பொலிவெண் கணக்கில் 0.75 அளவு கூடுதல். கோடும் அந்த அளவுக்குத்தான் ஏறியிருந்தது.

கோள்கள் உருவாவது பற்றிய கூட்டத்தில் விவாதம் நீண்டது. சிலியின் அட்டகாமா பாலைவனத்தில், சுமார் 5,000 மீட்டர் உயரத்தில், 66 ஆன்டெனாக்களோடு இயங்கும் அல்மா வானலை தொலைநோக்கி 2014இல் வெளியிட்ட எச்எல் டௌரி படத்தை எடுத்துக்கொண்டோம். சுமார் 450 ஒளியாண்டுத் தொலைவில் உள்ள அந்த விண்மீனுக்கு வயது பத்து லட்சம் ஆண்டுகள்தான் இருக்கும். கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தூசி மறைத்துவிடும். மில்லிமீட்டர் அலைகளிலோ அந்தத் தூசியே ஒளிர்கிறது. விண்மீனைச் சுற்றியுள்ள தூசி வட்டில் வளையம் வளையமாக, நடுவே இருண்ட இடைவெளிகள். அவற்றைக் கோள்கள்தான் துடைத்தனவா, வேறு காரணமா என்பதில் ஒருமித்த முடிவு வரவில்லை. பிடிஎஸ் 70 என்ற இன்னொரு இளம் விண்மீனின் கதை வேறு: அதன் வட்டின் இடைவெளிக்குள் கோளே நேரடியாகப் படம்பிடிக்கப்பட்டதாக 2018இல் அறிவித்தார்கள். என்னைக் கேட்டால், ஆயிரம் கணினி மாதிரிகளைவிட அந்த ஒற்றைப் புள்ளிக்கு மதிப்பு அதிகம். இதைத் தலைவர் ஒப்புக்கொள்ளமாட்டார்.

வான்நோக்கல் இரவுகள் மேகத்தால் பலமுறை ரத்தாயின. கிடைத்த இரவுகளில் ஒரையன் நெபுலாவின் நடுவில் உள்ள நான்கு இளம் விண்மீன்களைப் புதியவர்களும் எளிதில் பிரித்துப் பார்த்தார்கள். முதிர்ந்த பெருவிண்மீனான திருவாதிரை எப்போது வெடிக்கும் என்ற கேள்வி இந்த ஆண்டும் வந்தது. 2019 இறுதியில் அது மங்கியபோதும் இதே பரபரப்புதான்; அது கக்கிய தூசி ஒளியை மறைத்ததே பெருமளவு காரணம் என்று பிறகு தெரிந்தது.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நூலகப் புத்தகங்களைத் திருப்பித் தராதவர்களின் பெயரை இங்கே வாசிக்கவில்லை, அவர்களுக்கே தெரியும்.

அடுத்த ஆண்டு, கோள் ஒன்று தன் விண்மீனின் முன்னே கடப்பதை நாமே அளந்து பார்க்கலாம் என்று செயற்குழு பரிந்துரைக்கிறது. சூரியன் போன்ற விண்மீனை வியாழன் அளவுள்ள கோள் கடந்தால் ஒளி சுமார் 1 விழுக்காடு குறையும். நம் தொலைநோக்கிக்கும் கேமராவுக்கும் அது எட்டக்கூடியதே. பல மணி நேரம் விழித்திருக்க ஆள் வேண்டும். விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுக்கவும்.

இந்த அறிக்கையை ஏற்குமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்