கைப்பேசிக்குள் வந்துவிட்ட செயற்கை நுண்ணறிவு: பொது நூலக இயக்குநருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு பொது நூலக இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். கைப்பேசியில் இயங்கும் செயற்கை நுண்ணறிவின் பயனையும் ஆபத்தையும் மக்களுக்கு விளக்கும் பணியைக் கிளை நூலகங்களும் ஊர்ப்புற நூலகங்களும் ஏற்க வேண்டும் என, சொத்து வரியோடு நூலக வரியும் செலுத்துகிறவன் என்ற உரிமையில் வேண்டுகிறேன். கைப்பேசி விற்கும் கடையில் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது.

பயன் சிறிதன்று. பார்வையற்ற ஒருவர் அச்சிட்ட தாளுக்கு நேரே கேமராவைப் பிடித்தால் செயலி அதை வாசித்துக் காட்டுகிறது; எழுதப் பழகாதவர் பேசியே தமிழில் செய்தி அனுப்புகிறார். மருந்து அட்டையிலுள்ள ஆங்கிலமும் நொடியில் தமிழாகிறது. ஆனால் செயலி மருந்தின் அளவைத் தவறாகச் சொல்ல நேர்ந்தாலும் அதே தடுமாற்றமற்ற நடையில்தான் சொல்லும் என்பதையும், அளவை மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ கேட்டே உறுதி செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்தே கற்பிக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னதாக, வேலை எங்கே நடக்கிறது என்பதைக் காட்ட வேண்டும். சில வசதிகள் கைப்பேசிக்குள்ளேயே முடிந்துவிடுகின்றன. பல வசதிகள் நம் குரலையும் படத்தையும் தொலைவிலுள்ள நிறுவனக் கணினியான சர்வருக்கு அனுப்பியே விடை பெறுகின்றன. ஏரோபிளேன் மோடில் வைத்து வைஃபையையும் அணைத்தபின் ஒரு வசதி இயங்குகிறதா என்று பார்த்தாலே பெரும்பாலும் வேறுபாடு தெரிந்துவிடும். (இயங்குகிறது என்பதாலேயே அந்தச் செயலி பின்னர் எதையும் அனுப்பாது என்று உறுதி கூற முடியாது, ஆகவே மைக், படங்கள், தொடர்பு எண்கள் ஆகியவற்றுக்கான அனுமதிகளையும் பார்க்கப் பழக்க வேண்டும்.) நம் தரவைப் பயன்படுத்த ஒப்புதல் கோரும் வாசகத்தைத் தமிழிலும் பெற 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வகை செய்கிறது. அந்த வாசகத்தைப் பொறுமையாகப் படித்துப் பொருள் சொல்ல ஊரில் ஆள் வேண்டாமா?

ஒருவரின் குரலைச் செயற்கை நுண்ணறிவால் போலியாக உருவாக்கி ஏமாற்றும் குரல் நகல் மோசடியைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். பேரனின் குரலில் அவசரமாகப் பணம் கேட்டால், அழைப்பைத் துண்டித்து, ஏற்கெனவே தெரிந்த எண்ணில் அவனைக் கூப்பிட வேண்டும். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்ய வேண்டும்.

மாதம் ஒரு காலை, அவரவர் சொந்தக் கைப்பேசியிலேயே செய்து பார்க்கும்படி வகுப்பு நடத்தினால் போதும். நாளிதழ் படிக்க வரும் முதியவர்களிடமிருந்து தொடங்குங்கள். நூலகர்களுக்கு முதலில் பயிற்சி அளியுங்கள்; அந்தப் பயிற்சிக்குக் கைப்பேசி நிறுவனங்களிடமோ செயலி நிறுவனங்களிடமோ நிதி பெற வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு நூலக உறுப்பினர்