அந்தக் கிடாரில் எது அசல்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அயர்லாந்து ராக் கிடாரிஸ்ட் ரோரி கேலகரின் கிடார் ஏலம் போன செய்தியைப் படித்துவிட்டு ஒரு வாசகர், "பெயின்ட் உரிந்து, பாதி பார்ட்ஸ் மாற்றிய கிடாருக்கா இத்தனை கோடி, அதில் அசல் என்று என்ன மிச்சம்?" என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். பழைய கிடார்களைப் பிரித்து மாட்டுவது என் பிழைப்பு என்பதால் எழுதுகிறேன்.

அது 1961-இல் அமெரிக்காவில் ஃபெண்டர் கம்பெனி செய்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற எலெக்ட்ரிக் கிடார். அயர்லாந்தின் ராயல் ஷோபேண்ட் குழுவில் வாசித்த ஜிம் கான்லன் சிவப்பு கேட்டு ஆர்டர் போட, வந்து இறங்கியதோ நடுவில் மஞ்சளும் ஓரத்தில் கறுப்புமான சன்பர்ஸ்ட். சிவப்பு கிடைத்ததும் இதைத் தள்ளிவிட்டார். 1963-இல் கார்க் நகரத்து க்ரௌலி கடையில் 100 பவுண்டுக்கு இதைத் தவணையில் வாங்கியபோது ரோரிக்கு வயது 15. லீட் (தனித்து ஒலிக்கும் மெட்டு), ரிதம் (பின்னணி வாசிப்பு) இரண்டையும் நானே வாசித்துவிடுவேன், இன்னொரு கிடாரிஸ்ட் வேண்டாம், காசு மிச்சம் என்று அம்மாவிடம் கணக்குச் சொன்னாராம். (கிடார் வாங்கித் தரச் சொல்லும் எல்லாப் பிள்ளைகளும் இப்படி ஒரு கணக்கு வைத்திருப்பார்கள்.)

அப்புறம் டப்ளினில் அது திருடுபோனது. திரும்பக் கிடைத்தபோது மழையில் ஊறி, கீறலும் சிராய்ப்புமாக ஒரு பள்ளத்தில் கிடந்தது. ஆனால் பெயின்ட்டை உரித்ததில் பெரும்பங்கு திருடனுடையது அல்ல, ரோரியின் வியர்வையுடையது. அந்தக் காலத்து நைட்ரோ என்ற வார்னிஷ் பூச்சு மெல்லியது, வருடக்கணக்கில் மேடையில் கொட்டிய வியர்வையை அது தாங்கவில்லை. நெக், அதாவது விரல் வைத்து வாசிக்கும் நீண்ட கழுத்துப் பகுதி, ஈரம் குடித்து வளைந்தே போனது. கழற்றி ஓரமாக வைத்தார்கள், காய்ந்து தானாக நேரான பிறகு பழையபடி மாட்டினார்கள். நெக்கின் குறுக்கே பதித்த ஃப்ரெட் கம்பிகள் பலமுறை மாறின, உடம்பின் முன்பக்கத்தை மூடும் ஸ்க்ராட்ச் பிளேட் மாறியது, எந்த பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம்) ஒலிக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் மூன்று நிலை சுவிட்ச் இருந்த இடத்தில் ஐந்து நிலை சுவிட்ச் வந்தது, ஒரு டோன் பாட்டின் (ஒலியின் கூர்மையை மாற்றும் குமிழுக்கு அடியில் உள்ள பாகம்) இணைப்பைத் துண்டித்துவிட்டு மற்றதை எல்லா பிக்கப்புக்கும் பொதுவாக்கினார். தந்தியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் ட்யூனிங் கீ ஆறில் ஐந்து ஸ்பெர்ஸல் கம்பெனியுடையவை, ஒன்று மட்டும் கோட்டோ கம்பெனியுடையது. அந்த ஒற்றைக் கீதான் எனக்கு மிகவும் பிடித்தது. கையில் கிடைத்ததை மாட்டிக்கொண்டு அன்றைய கச்சேரியை முடித்த ஆளின் வேலை மாதிரித் தெரிகிறது. அதை யாராவது ஜோடி சேர்க்கிறேன் பேர்வழி என்று மாற்றினால் எனக்குக் கோபம் வரும்.

அந்த வாசகருக்கு இன்னொன்று. சீரியல் நம்பரை மட்டும் வைத்து அசலா என்று சொல்லிவிட முடியாது, ஃபெண்டரில் அந்த நம்பர் பிளேட்டுகளை வரிசைப்படி மாட்டியதில்லை. நெக்கைக் கழற்றி அடியில் உள்ள தேதியைப் பார்க்க வேண்டும், வால்யூம் பாட்டின் முதுகில் உள்ள எண்ணையும் படிக்க வேண்டும். 304-6120 என்று இருந்தால் ஸ்டேக்போல் கம்பெனி, 1961-ஆம் வருடம், 20-ஆம் வாரம். ஈயப் பற்று கலைந்திருக்கிறதா என்பதும் நிறையச் சொல்லும். கைபடாத கிடாருக்குத்தான் சந்தையில் கிராக்கி, உண்மை. அது பெட்டிக்குள் தூங்கிய கிடாருக்கான விலை. ரோரியுடையது 2024 அக்டோபரில் பான்ஹாம்ஸ் ஏலத்தில் 8,89,400 பவுண்டுக்கு, அதாவது ஒன்பது கோடி ரூபாய்க்கு மேல் போனதே இந்தத் தேய்மானத்தோடும் ஒட்டுவேலையோடும்தான். வாங்கியவர்கள் அயர்லாந்து தேசிய அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கவே வாங்கினார்கள்.

நம்மூரிலோ லைட் மியூசிக் குழுவில் அப்பா வாசித்த கிடாரைக் கொண்டுவந்து, தேய்த்துப் புதுசு மாதிரி ஸ்ப்ரே அடித்துக் கொடுங்கள் என்கிறார்கள். வேண்டாம் சார். கழற்றிய டோன் பாட்டையும் ட்யூனிங் கீயையும் ஒரு கவரில் போட்டு, எப்போது யார் மாற்றியது என்று துண்டுச்சீட்டு எழுதிப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். ஆசிரியரே, நீங்களும் அடுத்த முறை செய்தியில் ஏலத் தொகையைப் போடும்போது, எதெது மாற்றப்பட்டது என்பதற்கு இரண்டு வரி ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
கிடார் பழுதுபார்க்கும் ஒரு வாசகர், கோவை