காலை ஏழு மணிக் கெடுவை மாற்றுங்கள்: பள்ளிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியருக்கும் பாட ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

மாலையில் தரும் வீட்டுப்பாடத்தை மறுநாள் காலை ஏழு மணிக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும், தவறினால் பூஜ்யம் என்ற புதிய விதியைப் பற்றி எழுதுகிறேன். வகுப்பில் வந்து பார்த்து எழுதுகிறவர்களைப் பிடிக்கத்தான் அந்த விதி வந்தது என்பது எல்லாருக்கும் தெரியும். பிடிபட்டதோ மாடு வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகள்.

சென்ற வாரம் என் இயற்பியல் அறிக்கைக்குப் பூஜ்யம் விழுந்தது. முந்தின இரவு எங்கள் மாடு கன்று ஈன்றது. கன்றின் முன்னங்கால்களும் தலையும் சரியாக வருகின்றனவா, பிறகு நஞ்சுக்கொடி விழுந்ததா என்று கூடவே இருந்து பார்க்க வேண்டும். பிறந்த சில மணி நேரத்துக்குள் கன்றுக்குச் சீம்பால் கொடுத்தாக வேண்டும். நோயை எதிர்க்கும் சக்தி அதில்தான் கிடைக்கிறது. நேரம் போகப் போகக் கன்றின் குடல் அதை உறிஞ்சுவது குறைந்து, ஒரு நாளுக்குள் ஏறக்குறைய நின்றே போகும். இதற்கிடையில் காற்றில் தொழுவத்தின் தகரம் ஒன்று பெயர்ந்துவிட்டது. கீழே வைக்கோல். நனைந்தால் பூஞ்சை பிடிக்கும், பிறகு அது தீவனம் ஆகாது. வெளிச்சம் வந்ததும் அப்பா தகரத்தைத் தாங்கிப் பிடிக்க, ஏணியில் நின்று திருகாணி முடுக்கியது நான். அதன் பின் மற்ற மாடுகளின் கறவை. இரவே முக்கால்வாசி எழுதி வைத்திருந்த அறிக்கையை முடித்து ஏற்றியபோது மணி எட்டு.

காரணம் சொன்னதற்கு, “நேரத்தைத் திட்டமிடப் பழகு” என்று பதில் வந்தது. நன்றி. அடுத்த முறை சினைமாட்டிடம் கால அட்டவணையை நீட்டிப் பார்க்கிறேன். கறவையைத் தள்ளிப்போட்டால் பால் தேங்கி மடி கட்டும், மடிநோய்க்கும் இடம் கொடுக்கும். தொழுவத்தில் ஒழுகலை இன்று விட்டால், நாளைக்குச் சட்டமும் சேர்ந்து உளுத்துப்போகும். எங்கள் நாளில் தள்ளிப்போடக்கூடிய வேலை என்று ஒன்று இருந்தால் அது வீட்டுப்பாடம்தான். நீங்கள் அதையும் ஆணியடித்து வைத்துவிட்டீர்கள்.

ஆகவே கேட்பது ஒன்றுதான்: ஒரு வாரத்துக்கான வீட்டுப்பாடத்தை வாரத் தொடக்கத்திலேயே கொடுங்கள், வாரக் கடைசியில் வாங்கிக்கொள்ளுங்கள். பாடத்தைக் குறைக்கச் சொல்லவில்லை. எங்களுக்கென்று தனியாக மதிப்பெண்ணும் கேட்கவில்லை.

இதைக் குழந்தைத் தொழிலாளர் பிரச்சினை என்று சொன்னவர்களும் உண்டு. அக்கறை புரிகிறது. 1989ஆம் ஆண்டின் குழந்தை உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை, படிப்புக்கு இடையூறாகும் வேலையிலிருந்து பிள்ளைகளைக் காக்க வேண்டும் என்று 32ஆம் பிரிவில் சொல்கிறது. நல்ல பிரிவு. எங்கள் வீட்டில் தேர்வுக் காலத்தில் என்னைத் தொழுவத்துப் பக்கமே விடுவதில்லை. என் பங்கு வேலையையும் அம்மாவே செய்கிறார். வீடு இறங்கி வருகிறது, இறங்காமல் நிற்பது ஏழு மணி மட்டும்தான். ஆண்டு விழாவில் ‘உழவே தலை’ என்று எங்களைப் பேசவைத்துக் கைதட்டுவதைவிட, இந்தக் கெடுவைத் தளர்த்துவது செலவில்லாத மரியாதை.

கோபத்தில் வார்த்தை கொஞ்சம் நீண்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வாரத் தொடக்கத்தில் கொடுத்து வாரக் கடைசியில் வாங்கும் முறையை ஒரே ஒரு பருவத்துக்குச் சோதித்துப் பார்க்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பார்த்து எழுதுவது கூடினால் பழைய விதிக்கே திரும்புங்கள், நான் எதிர்த்துப் பேசமாட்டேன். என் இயற்பியல் அறிக்கை இன்னும் திருத்தப்படாமலே கிடக்கிறது. பூஜ்யம் பூஜ்யமாகவே இருந்தாலும், அதைப் படித்து எங்கே தப்பு என்றாவது குறித்துக் கொடுங்கள்.

இப்படிக்கு,
பன்னிரண்டாம் வகுப்பு மாணவி