செந்திலுக்கு, அந்தப் பச்சை ஃபைல் பற்றி

அன்புள்ள செந்திலுக்கு, அப்பா எழுதுவது.

அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. ஃபோனில் குழந்தை பற்றிய பேச்சை எடுத்தாலே நீ மலரிடம் கொடுத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம்.

மலருக்கு ஸ்கேன், ஹார்மோன், கருக்குழாய் டெஸ்ட் எல்லாம் எடுத்தாயிற்றாம். உனக்கு விந்துவைப் பார்க்கும் ஒரு செமன் டெஸ்ட்கூட எடுக்கவில்லையாமே, படித்தவன் செய்கிற காரியமா இது? பெண் பார்க்கப் போன அன்றே, பத்து வயதில் உனக்கு வந்த புற்றுநோயை அவளிடம் மறைக்காமல் சொன்னவன் நீ. அதில் எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா! இப்போது ஏன் வாயடைத்துப் போனாய்?

உன் கீமோ விவரமெல்லாம் இருக்கும் பச்சை ஃபைலைப் பிரித்துக் கணக்குப் போட்டேன். உனக்கு இரண்டு மருந்துக் கூட்டுகள் கொடுத்தார்கள். ஒன்று மூன்று சுற்று ஏ.பி.வி.டி., அதனால் பெரிய பயமில்லை. மற்றது மூன்று சுற்று சி.ஓ.பி.பி. அதில் இருந்த எண்டாக்ஸான், புரோகார்பசின் என்ற இரண்டு மருந்துகள்தான் விந்தணுவின் மூல செல்களை அழிப்பவை. உடல் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு எண்டாக்ஸான் மொத்தம் 3,600 மில்லிகிராம், புரோகார்பசின் 4,200. இரண்டாவதை எண்டாக்ஸான் கணக்குக்கு மாற்ற 0.857-ஆல் பெருக்கிக் கூட்டினால் ஏறக்குறைய 7,200. 4,000-க்குள் இருந்தால் பெரும்பாலும் தப்பிக்கும், அதற்கு மேல் போகப் போக ஆபத்து கூடும். ஆனாலும் ஒரே அளவு ஏறிய இருவருக்கு ஒரே முடிவு வருவதில்லை. டெஸ்ட் எடுக்காமல் நீயாக முடிவுகட்டாதே.

வயதுக்கு வருமுன் கொடுத்த கீமோ ஒன்றும் செய்யாது என்பார்கள், நம்பாதே. பத்து வயதில் எடுத்து உறையவைக்க விந்தணுவும் உருவாகியிருக்காது. மீசை, குரல், தாம்பத்தியம் எல்லாம் சரியாக இருப்பதை வைத்தும் சொல்ல முடியாது. டெஸ்டோஸ்டிரோன் சுரக்கும் செல்கள் வேறு, அவை கீமோவைப் பெரும்பாலும் தாங்கிவிடும். உன் ஆண்மைக்கு இதில் எந்தக் குறையும் இல்லை, தம்பி.

டெஸ்டுக்கு முன் 2 முதல் 7 நாள் விந்து வெளியேறாமல் இடைவெளி வேண்டும். மாதிரி எடுக்கும்போது எண்ணெய், சோப்பு, சாதாரண ஆணுறை கூடாது. முதலில் வருவதில்தான் விந்தணு அதிகம், அது சிந்தினால் லேபில் சொல்லிவிடு. வீட்டில் எடுத்தால் உடல்சூடு ஆறாமல் ஒரு மணி நேரத்துக்குள் கொடு. அண்மையில் கடும் காய்ச்சல் வந்திருந்தால் எண்ணிக்கை குறைத்துக் காட்டும், மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். மில்லிலிட்டருக்கு 1.6 கோடிக்குக் கீழே என்றால் குறைவு. பூஜ்யம் என்று வந்தால் மாதிரியைச் சுழலவிட்டு அடியில் தேடச் சொல். இன்னொரு முறையும் எடு. விந்தணு உற்பத்தியைத் தூண்டும் எஃப்.எஸ்.எச். ஹார்மோன், காலை நேர டெஸ்டோஸ்டிரோன் இரண்டையும் ரத்தத்தில் பார். கொஞ்சம் கிடைத்தாலும் உடனே உறையவைத்துவிடு.

இரண்டாவது முறையும் பூஜ்யமா? மைக்ரோ-டெசே என்று விதையைத் திறந்து நுண்ணோக்கியில் தேடுவார்கள். கீமோ எடுத்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் கிடைக்கிறது. கிடைத்ததை இக்சி முறையில் முட்டைக்குள் செலுத்தலாம். பலம் வரும் என்று யாராவது டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடச் சொன்னால் போடாதே. இருக்கிற உற்பத்தியும் அதனால் நின்றுபோகும்.

பிள்ளைக்கும் நோய் வருமோ என்றுதான் பயப்படுகிறாயா? பரம்பரையாக வரும் வகைகளைத் தவிர, கீமோ எடுத்தவர்களின் குழந்தைகளுக்குப் பிறவிக் குறையோ புற்றுநோயோ கூடுதலாக வருவதில்லை.

ஃபைலின் நகலை கூரியரில் அனுப்பியிருக்கிறேன். டாக்டரிடம் அதைக் காட்டு. மலரையும் கூட்டிக்கொண்டு போ. அவளுக்கு இனி ஊசி, மாத்திரை எதுவும் உன் ரிப்போர்ட் வரும்வரை வேண்டாம். முதலில் உன் டெஸ்ட்.

அப்பா