வைகை முடியும் இடம் வரை

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் கிடைத்தது. பையனுக்கு வேலை கிடைத்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்த கதையை உடனே ஆரம்பித்துவிட்டார்கள்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். வைகைக் கரையோரமாகவே காரில் போக வேண்டும் என்று நாம் பேசிக்கொண்டே இருந்தோமே, இந்த மாசியில் போய்விட்டு வந்தேன். பார்த்திபனூர் மதகணையில் தொடங்கி, முடிந்த இடமெல்லாம் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, கண்மாய்க் கரைகளிலும் ஊர்ப் பாதைகளிலும் கடல் வரைக்கும். ஆற்றில் தண்ணீர் இல்லை. பரமக்குடிக்கும் எமனேஸ்வரத்துக்கும் நடுவில் வெறும் மணலும் நாணலும்தான். அதன் பிறகு இருபுறமும் சீமைக்கருவேலம். சில இடங்களில் முள் காரின் இரண்டு பக்கமும் உரசுகிறது. தூரத்தில் கரிமூட்டப் புகை. ‘தண்ணியில்லாக் காடு’ என்று நம் ராமநாதபுரம் ஜில்லாவைச் சொல்கிறவர்கள் இதைப் பார்த்துத்தான் சொல்கிறார்கள்.

ஆனால் கரையிலேயே போனால் வேறொன்று தெரிகிறது. ஆற்றிலிருந்து வாய்க்கால்கள் பிரிந்துகொண்டே இருக்கின்றன. ஒவ்வொரு வாய்க்காலும் ஒரு கண்மாய்க்குப் போகிறது. கண்மாய் நிறைந்தால், மிஞ்சிய தண்ணீர் வெளியேறும் கலுங்கு வழியே அடுத்த கண்மாய்க்கு, அங்கிருந்து அதற்கடுத்ததற்கு. வருசநாட்டு மலையிலிருந்து 258 கிலோமீட்டர் வரும் ஆறு, ராமநாதபுரம் பெரிய கண்மாய்க்கு வரும்போது கையில் ஒன்றும் வைத்துக்கொள்வதில்லை. பெருவெள்ளம் வந்தால் மிஞ்சியதுதான் கடலைப் பார்க்கும். வைகை வறண்டு சாகிறது என்று யாராவது சொன்னால் இனி எனக்குக் கோபம் வரும். ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் பெய்யும் மழையை வருஷம் முழுக்க வைத்துப் பிழைக்க வேண்டிய ஊர் இது. கடலுக்கு விட்டுவிட்டு நாம் எதைக் குடிப்பது? வரத்துக்கால்களைக் கருவேலம் அடைத்துக் கிடப்பதுதான் மனதை அறுக்கிறது. அதை வெட்டி எடுக்காமல் மழையைக் குறை சொல்லிப் பயனில்லை.

சத்திரக்குடிப் பக்கம் களமெல்லாம் முண்டு மிளகாய் காய்கிறது. கண்ணாடியை இறக்கினால் நெடி மூக்கில் ஏறுகிறது. 2023-இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது உனக்குத் தெரிந்திருக்கும். சக்கரக்கோட்டைக் கண்மாயில் கொஞ்ச நேரம் நின்றேன். சின்ன வயதில் சைக்கிளில் கடந்து போன அதே கண்மாய்தான். தேர்த்தங்கல் கண்மாயோடு சேர்த்து 2025-இல், உலக அளவில் முக்கியமான நீர்நிலைகளின் ராம்சார் பட்டியலில் வந்துவிட்டது.

அப்புறம் அழகன்குளம். 1986 முதல் தொல்லியல் துறை தோண்டிய மேடு. ரோமானியக் காசுகளும், கப்பல் படம் கீறிய பானை ஓடும் இங்கேதான் கிடைத்தன. இன்றைக்கு மணல் ஓடும் இந்த முகத்துவாரத்துக்கு அன்றைக்குக் கடல் தாண்டி ஆள் வந்திருக்கிறான். அங்கே நின்றபோது உன்னிடம் பேச வேண்டும் போல இருந்தது, சிக்னல்தான் இல்லை. அங்கிருந்து, ஆறு கடலில் சேரும் ஆற்றங்கரை என்கிற ஊர் கொஞ்ச தூரம்தான். தார் முடிந்து மணல் தொடங்கும் இடத்தில் காரை நிறுத்திவிட்டு நடந்துவிடு. சக்கரம் புதைந்தால் இழுக்க டிராக்டர்தான் வர வேண்டும்.

நீ வருவதாக இருந்தால் பங்குனிக்குள் வா. மழைக்காலத்தில் கரிசல் பாதை கார் சக்கரத்தை விடாது. குடிதண்ணீர் கேன் ஒன்று வண்டியிலேயே இருக்கட்டும், கடை வரும் என்று நம்பாதே. அடுத்து குண்டாற்றுக் கரையோரமாகக் கமுதியிலிருந்து மூக்கையூர் வரை போக ஆசை. அதை உன்னை விட்டுவிட்டுப் போக மாட்டேன். எந்த வாரம் லீவு கிடைக்கும் என்று எழுது.

அன்புடன்,
மச்சான்