வலியின் வரையறை மட்டுமா சிக்கல்?

ஆசிரியருக்கு வணக்கம்.

செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிந்தைய அமெரிக்காவைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரை, சித்திரவதைக்கு இடமளித்த அரசின் சட்டக் கருத்துரைகளை அச்சத்தில் நேர்ந்த தடுமாற்றம் என்றும், புஷ் அரசே பின்னர் திருத்திக்கொண்ட பிழை என்றும் கூறுகிறது. முன்னதை ஓரளவு ஒப்புக்கொள்ளலாம். பின்னதை ஒப்புக்கொள்ள முடியவில்லை.

நீதித் துறையின் சட்ட ஆலோசனை அலுவலகத்தில் ஜான் யூ வரைந்து, ஜே பைபீ கையொப்பமிட்ட 2002 ஆகஸ்ட் 1 கருத்துரை என்றதும் பலரும் நினைவுகூர்வது வலிக்கு அது தந்த வரையறையைத்தான். உறுப்புகள் செயலிழக்கும்போதோ, உயிர் போகும்போதோ உண்டாகும் அளவுக்கு வலி கடுமையாக இருந்தால்தான் அது சித்திரவதையாம். இந்த அளவுகோலுக்கு அவர்கள் துணைக்கழைத்தது, அவசர மருத்துவ நிலை எது என்பதை வரையறுக்கும் மருத்துவ உதவிச் சட்டத்தின் வாசகத்தை! (இளநிலை வழக்கறிஞர் ஒருவர் இப்படியொரு மேற்கோளோடு வந்திருந்தால், அவருடைய சீனியர் வழக்குக்கட்டை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்திருப்பார்.) அதே நாளில் வந்த மற்றொரு இரகசியக் கருத்துரை, அபு ஜுபைதா என்ற கைதியின் மீது பத்து விசாரணை முறைகளைப் பயன்படுத்த அனுமதித்தது. முகத்தில் நீரூற்றி மூச்சுத்திணற வைக்கும் முறைக்கு அந்த ஒரே மாதத்தில் அவர் குறைந்தது 83 முறை உள்ளாக்கப்பட்டார்.

ஆனால் முதல் கருத்துரையின் பிற்பகுதி, கட்டுரையாளர் தொடாமல் விட்ட பகுதி, இந்த வரையறையைவிட ஆபத்தானது. முப்படைத் தளபதி என்ற முறையில் அதிபர் உத்தரவிடும் விசாரணைகளுக்குச் சித்திரவதைத் தடைச் சட்டத்தைப் பொருத்துவதே அரசமைப்புக்கு முரணாகலாம் என்று அது வாதிட்டது. கொரியப் போரின்போது அதிபர் ட்ரூமன் எஃகு ஆலைகளைக் கையகப்படுத்தியது செல்லாது என்று 1952-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, அதிபரின் போர்க்கால அதிகாரம் பற்றிய எந்த விவாதத்திலும் முதலில் எடுத்துப் பார்க்க வேண்டியது. அதை மறுத்தாவது எழுதியிருக்கலாம்; கருத்துரையில் அதன் பெயர்கூட இல்லை. இதை மறதி என்று என்னால் கொள்ள முடியவில்லை.

2004 ஜூனில் இந்தக் கருத்துரை பத்திரிகைகளில் கசிந்த பிறகே விலக்கிக்கொள்ளப்பட்டது. அவ்வாண்டு டிசம்பர் 30 அன்று அதற்குப் பதிலாக வந்ததைத்தான் கட்டுரையாளர் திருத்தம் என்கிறார். வலியின் வரையறையை அது கைவிட்டது உண்மையே. அதிபரின் அதிகாரம் பற்றிய வாதத்தையோ தவறு என்று சொல்லவில்லை. சித்திரவதை கூடாது என்று அதிபரே பணித்திருப்பதால் அந்த ஆராய்ச்சி தேவையற்றது என்று ஒதுக்கி மட்டும் வைத்தது. கைதிகளை நடத்தும் விதம் பற்றி முன்பு எடுத்த முடிவுகள் புதிய அளவுகோலிலும் மாறாது என்று ஓர் அடிக்குறிப்பையும் சேர்த்துக்கொண்டது.

ஒதுக்கி வைத்தது சரியாக ஓராண்டில் திரும்பி வந்தது. வியட்நாமில் போர்க்கைதியாக வதைபட்ட செனட்டர் ஜான் மெக்கெய்ன், கைதிகளைக் கொடுமைப்படுத்துவதற்குத் தடை விதிக்கும் திருத்தத்தைக் கொண்டுவந்தார். செனட்டில் 90 பேர் ஆதரித்தனர், எதிர்த்தவர்கள் 9 பேர். 2005 டிசம்பர் 30 அன்று அந்தச் சட்டத்தில் கையொப்பமிட்ட புஷ், தளபதி என்ற முறையில் தமக்குள்ள அதிகாரத்துக்கு இசைந்த வகையிலேயே அதற்குப் பொருள்கொள்ளப்படும் என்று உடன் ஓர் அறிக்கையையும் வெளியிட்டார். தடைச் சட்டத்தை ஏற்பதும் அதற்குக் கட்டுப்படாமல் இருக்க வழி வைத்துக்கொள்வதும் ஒரே நாளில் நடந்தன.

நாடாளுமன்றம் முறைப்படி விதித்த வரம்பை அதிபர் புறக்கணிக்க முடியாது என்று 2006 ஜூனில், குவாண்டனாமோ சிறைக்கைதி ஹம்தான் தொடுத்த வழக்கில் சொன்னது உச்ச நீதிமன்றம், அரசல்ல. பிடிபட்ட எதிரிகளை விசாரிப்பது பற்றிச் சட்டமியற்ற நாடாளுமன்றத்துக்கு அதிகாரமில்லை என்ற தன் பழைய நிலைப்பாட்டைச் சட்ட ஆலோசனை அலுவலகம் எழுத்தில் கைவிட்டது 2009 ஜனவரி 15 அன்று; புஷ் பதவி விலக ஐந்து நாள்களே இருந்தன. அதற்குள் பைபீ மேல்முறையீட்டு நீதிமன்ற நீதிபதியாகி ஆறாண்டுகள் நெருங்கிவிட்டன.

கட்டுரையின் அடுத்த பகுதி வெளிவரும்போது, அது 2004-ஐத் திருத்தத்தின் ஆண்டாகக் கொள்ளாமல் இந்த நான்கரை ஆண்டு இழுபறியையும் பதிவுசெய்ய வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், மதுரை