புளியங்கொட்டைக்கு ஒரு மெமோ

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

புதுமையாகக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு இன்னும் நிறைய விருதுகள் கொடுக்க வேண்டும் என்று ஆசிரியர் தினக் கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். முப்பத்திரண்டு வருடம் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் வேலை பார்த்தவள் நான். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. விருது செப்டம்பர் 5-ஆம் தேதியோடு சரி. (தேசிய விருதுக்கு நாமே விண்ணப்பித்து, ஆதாரமும் நாமே சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்பது தனிக்கதை.) மற்ற நாட்களில் பள்ளிக்கூடம் எப்படி இருக்கிறது என்பதுதான் கேள்வி.

2007-08-இல் செயல்வழிக் கற்றல் மாநிலம் முழுக்க வந்தது; பிள்ளைகள் பாட அட்டைகளை எடுத்து அவரவர் வேகத்தில் தாங்களே கற்கும் முறை அது. அட்டைகள், எந்த அட்டைக்குப் பிறகு எது என்று காட்டும் ஏணிப்படி, பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை, அவர்கள் வரைந்ததைத் தொங்கவிடக் கம்பிப் பந்தல். நல்ல ஏற்பாடுதான். ஆனால் இனமாற்றிக் கூட்டுவது, அதாவது பத்து ஒன்றுகளை ஒரு பத்தாக மாற்றிக் கூட்டுவது, சில பிள்ளைகளுக்கு அட்டையில் பிடிபடவில்லை. புளியங்கொட்டைகளைப் பத்துப் பத்தாக முடிச்சுக் கட்டிச் சொல்லிக்கொடுத்தேன். பார்வையிட வந்த அலுவலர் கேட்டது ஒன்றுதான்: "இது எந்த அட்டை?" அடுத்த வாரம் மெமோ வந்தது. அப்புறம் இரண்டு வருடம் அட்டையைத் தவிர எதையும் நான் தொடவில்லை.

மாறுதலில் போன பள்ளியிலும் அதே அட்டைகள், அதே சம்பளம். தலைமையாசிரியர் மட்டும் வேறு. பின்வரிசையில் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து பார்ப்பார். மதியம் சாப்பிடும்போது, "டீச்சர், நாளைக்கு இதை எங்க வகுப்புலயும் செஞ்சு காட்டுங்க" என்பார். நான் செய்ததில் பாதி சொதப்பல். ரூபாய்க் கணக்குக்காக வகுப்பிலேயே கடை போட்டேன். நிஜமாகவே சந்தைக்கடை ஆகிவிட்டது. சத்தம் தாங்காமல் சண்டைக்கு வந்த பக்கத்து வகுப்பு ஆசிரியை, தன் பிள்ளைகளையும் கூட்டிவந்து வாங்க வைத்தார். ஓய்வுபெற ஒரு வருடமே இருந்த இன்னொருவர் அட்டைப்பெட்டியில் கடிகாரம் வெட்டத் தொடங்கினார். யாரும் அவரைச் செய்யச் சொல்லவில்லை.

இப்போது தொடக்க வகுப்புகளில் அடிப்படை வாசிப்புக்கும் கணக்குக்குமான 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்துவிட்டது. பிள்ளைகளின் கற்றல் நிலைகளுக்கு அரும்பு, மொட்டு, மலர் என்று பெயர்கள் அழகாகத்தான் இருக்கின்றன. என் மருமகளும் ஆசிரியைதான். ஏதாவது புதிதாகத் தோன்றினால், 'பார்க்க வருபவர் என்ன கேட்பாரோ' என்றுதான் முதலில் யோசிக்கிறாள். மீதி நேரம் எமிஸ் என்ற கல்வித் துறை இணையதளத்தில் விவரங்களைப் பதிவதில் போகிறது.

கல்வித் துறைக்கு உங்கள் இதழ் வழியாக ஒரு வேண்டுகோள். பள்ளியைப் பார்வையிடும் அலுவலர் எழுதும் பார்வைக் குறிப்பில் ஆசிரியரிடம் கேட்க இரண்டு கேள்விகளைச் சேருங்கள்: புதிதாக எதைச் செய்து பார்த்தீர்கள், அதில் எது சரிப்படவில்லை? இரண்டாவதற்கு எழுதும் பதிலை வைத்து யாருக்கும் மெமோ கொடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இடைநிலை ஆசிரியை,
திருவண்ணாமலை மாவட்டம்.